ஒரு கட்டை கீழே

கழக்கூட்டத்தில் பெண்கள் விடுதியொன்றின் வார்டனாக இருக்கும் ஜெபமலருக்கு, அந்தக் குரலிடமிருந்து தப்ப வழியில்லாமல் போயிற்று. போன வருஷம் வரைக்கும் அது பழைய காசெட் சேர்க்கிற நாலைந்து பேரோடு நின்றிருந்தது. பிறகு யாரோ இணையத்தில் ஏற்றிவிட்டார்கள். இப்போது மொட்டைமாடியில் துணி காயப்போடுகிற பெண்ணும் அதைக் கேட்டுக்கொண்டேதான் காயப்போடுகிறாள்.

"ஆன்ட்டி, இதொண்ணு கேட்டு நோக்குங்க. நம்ம திருவனந்தபுரம் பேண்டாக்கும், தொண்ணூத்தி மூணுல போட்டது" என்று விடுதிப் பெண் ஒருத்தி இயர்போனை நீட்டினாள். "பாடின சேச்சி அப்பவே செத்துப்போயிட்டாங்களாம். வாய்ஸ் கேட்டாலே தெரியும், எந்தோ பெரிய துக்கம்."

"பாவம்" என்றாள் ஜெபமலர். "உனக்க ரூம்ல ஹீட்டர் மூணு நாளா ஆஃப் பண்ணாம கெடக்கு, அதை மொதல்ல பாரு."

பாடிய சேச்சி ஜெபமலர்தான். இசைக்குழுவின் பெயர் வவ்வால் மரம். 'தண்ணீர்ப் படிக்கட்டு' என்று ஒரே ஒரு ஆல்பம், ஏழு பாட்டு. கிட்டார் முடிவில்லாமல் சுழலும், ஆர்மோனியம் எதிரொலிக்குள் கரையும், நடுவில் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு பெண் குரல். அந்தக் குரலைத்தான் எல்லாரும் கொண்டாடினார்கள். அது தன் குரலே இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

இப்போது பெங்களூர்க் கம்பெனி ஒன்று அதை இசைத்தட்டாக வெளியிட வந்திருந்தது. துபாயிலிருக்கும் டிரம்மர் அஜின் சம்மதம் அனுப்பிவிட்டான். ஜெபமலர் மட்டும் கையெழுத்துக்கு ஒரு நிபந்தனை வைத்தாள்: வேகத்தைச் சரிசெய்து, அவள் பாடியது பாடியபடி வரவேண்டும். முப்பது வருஷத்துக்கும் மேலாக வேறொருத்தியின் குரலைச் சுமந்தாயிற்று. ஒரு தரமாவது தன் குரல் வெளியே போகட்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், கம்பெனி ஏற்பாடு செய்திருந்த ஒலிப்பதிவாளன் லிபினின் ஸ்டூடியோவுக்கு நேரே போனாள். கிட்டார் வாசித்த சேஷன் ஸ்ரீவராகத்திலிருந்து பஸ் பிடித்து முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். அவர் மடியில், துண்டில் சுற்றிய மூல டேப்.

"சேஷேட்டா, இது எப்படி இவ்வளவு ஸ்லோ ஆச்சு? எஃபெக்டுன்னல்லே எல்லாரும் எழுதறாங்க" என்றான் லிபின்.

சேஷன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எஃபெக்டாவது ஒண்ணாவது. ரெக்கார்டிங்கெல்லாம் பகல்ல, ஒரு ஸ்கூல் ஹால்ல, ஒழுங்காத்தான் நடந்தது. காசெட்டுக்கு மாத்தினது எங்காத்துல, சாயங்காலம் ஏழு மணிக்கு. அப்பல்லாம் தெருவுல விளக்குப் போட்டா வோல்டேஜ் படுத்துடும். ஆத்துல ஒரே ஸ்டெபிலைசர், அது டிவிக்கு. டேப் மிஷின் மூச்சு வாங்கிண்டு ஓடறது, காசெட் ரெக்கார்டர் பாட்டரியில ஜோரா ஓடறது. பாட்டு மெதுவாகி, சுருதி ஒரு கட்டை இறங்கிடுத்து."

"நீங்க கேக்கலையா?"

"அப்பா நியூஸ் பார்த்துண்டிருந்தார். சத்தமில்லாம பண்ணுடான்னார். வால்யூமைச் சுத்தமா கொறைச்சுட்டு, சக்கரம் சுத்தறதான்னு மட்டும் பார்த்துண்டிருந்தேன்."

"சக்கரத்தைப் பாத்தாராம்" என்றாள் ஜெபமலர். "முந்நூறு காசெட் வித்த பொறவு எங்கிட்டே வந்து, ஜெபா, நன்னாத்தானே இருக்குன்னு ஒரு சிரிப்பு."

"நன்னாத்தானே இருந்தது?"

அவள் டேப்பை வாங்கி லிபினிடம் நீட்டினாள். லிபின் அதைக் கணினியில் ஏற்றி, வேகத்தைச் சரிபார்த்து, கடைசிப் பாட்டை ஓடவிட்டான்.

குரல் வந்தது. மெல்லிய, துறுதுறுவென்ற குரல். டிரம்ஸ் குதித்தது. வரிகள் ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டு வந்தன. கேட்டதும் ஜெபமலருக்கு அந்த மத்தியானமே ஞாபகம் வந்துவிட்டது. வீட்டில் டைப்ரைட்டிங் கிளாஸ் என்று சொல்லியிருந்தாள். நாலு நாற்பது பாறசாலை பஸ்ஸை விட்டால் அப்பா வாசலில் நிற்பார். கைப்பையைத் தோளிலேயே மாட்டிக்கொண்டுதான் பாடினாள். துக்கமெல்லாம் ஒன்றுமில்லை. பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். பிடித்துவிடுவோம் என்கிற சந்தோஷம்.

பாட்டு முடிந்தது. வெளியே ஹைவேயில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"நல்லாருக்கு சேச்சி" என்றான் லிபின், திரையைப் பார்த்தபடி.

"பொய் சொல்லாத மக்களே."

"அல்ல... குவயர்ல நல்லாப் பாடுற பிள்ளை மாதிரி இருக்கு."

"குவயர்ல பாடுன பிள்ளைதானே."

அவள் நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். இதற்காகத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தாள். தன் குரல்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பெண்ணுக்குச் சொல்ல எதுவுமிருக்கவில்லை. பிறகு வந்த வருஷங்கள் எதுவும் அவள்மீது இன்னும் விழுந்திருக்கவில்லை: கணவனுக்குப் பக்கவாதம் வந்து கிடந்த ஒன்பது வருஷம், ஊர்விட்டு ஊர் மாறிய வேலைகள், பிறத்தியார் பிள்ளைகளுக்குக் கதவு பூட்டித் திறக்கிற இந்த நாட்கள். மெதுவாக ஓடிய அந்தக் காசெட்டில் ஒருத்தி இதையெல்லாம் தெரிந்ததுபோலப் பாடியிருந்தாள். வோல்டேஜ் குறைந்ததால் பாடியிருந்தாள்.

"பழையதையே போடச்சொல்லு" என்றாள்.

லிபின் திரும்பினான். "உறப்பாணோ சேச்சி, நிச்சயமா? ரெண்டும் போடலாம். ஒரு பக்கம் அது, ஒரு பக்கம் இது."

"வேண்டாம். அந்தத் துக்கம் அப்போ எனக்குக் கெடையாது. இப்போ இருக்கு. அது எனக்க குரல்னே இருந்துட்டுப் போட்டு."

காகிதத்தை இழுத்து, காட்டிய இடங்களிலெல்லாம் கையெழுத்துப் போட்டாள். சேஷன் தயங்கித் தயங்கி, "ஜெபா, எம்மேல கோவமா?" என்றார்.

"கோவப்படக் கூடத் தெம்பில்ல சேஷண்ணே."

எழுந்திருக்கப் போனவள் எழுந்திருக்கவில்லை. ஹாஸ்டலில் மதியச் சாப்பாடு போட ஆரம்பித்திருப்பார்கள். சாம்பார் பற்றவில்லை என்று யாராவது கூப்பிடுவார்கள். அலைபேசியை எடுத்து அணைத்து வைத்தாள்.

"அந்த மெதுவா ஓடுறதை மொதல்லேருந்து போடு மக்களே" என்றாள். "நான் அதை இதுவரைக்கும் முழுசா கேட்டதில்லை."

லிபின் போட்டான். நாற்பத்தாறு நிமிஷம். முழுவதையும் உட்கார்ந்து கேட்டாள்.