தண்ணீர் மறக்கடித்தல்

அக்காவுக்கு எதையும் பாதியில் விடத் தெரியாது. அழ ஆரம்பித்தாலும் சரி, வீடு பெருக்க ஆரம்பித்தாலும் சரி. அவள் மகள் குட்டி காய்ச்சலில் போன பிறகு அவள் பிடித்துக்கொண்டது ஒரு செடியை.

எங்கள் கடைசித் தெருவைத் தாண்டினால் மணல்தான். அங்கேதான் குழந்தைகளைப் புதைப்பார்கள். கல் நட்டால் நிற்காது. ஒரு காற்று மூடிவிட்டுப் போகும், அடுத்த காற்று அடியில் பறித்துச் சாய்த்துவிடும். போன தலைமுறைப் பிள்ளைகள் எங்கே கிடக்கிறார்கள் என்று பெற்றவர்களுக்கே தெரியாது. "என் பொண்ணு அப்படித் தொலையக்கூடாதுடி" என்று சொல்லி அக்கா என்னிடம் ஒரு செடி கேட்டாள். மணல் ஊருக்குள் வராமலிருக்கப் புதர்ச்செடி வளர்த்து நடுகிற பண்ணையில் எனக்கு வேலை. ஒரு செடி எடுத்துக்கொண்டு போய் குட்டியின் தலைமாட்டில் இரண்டு பேருமாக நட்டோம்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. நட்ட செடிக்கு முதல் கோடையில் தண்ணீர் கொடுப்போம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்திவிடுவோம். பிள்ளைக்குப் பால் மறக்கடிப்பது மாதிரி இது தண்ணீர் மறக்கடிப்பது. மேலே கிடைக்காது என்று தெரிந்தால்தான் வேர் கீழே தேடிப் போகும். அந்தச் சமயத்தில் செடி இலையெல்லாம் உதிர்த்துவிட்டு வெறும் குச்சியாக நிற்கும். பார்த்தால் மனசு கேட்காது. அதனால் அந்தப் பக்கம் போகாமலே இருந்துவிடுவோம்.

அக்கா தினமும் போனாள். தினமும் ஊற்றினாள்.

"போதும்க்கா, இனிமே நிறுத்து. அதுவே பிழைச்சுக்கும்."

"வாடிப்போய் நிக்குதுடி."

"வாடட்டும். வாடினாத்தான் வேர் விடும்."

"பெத்திருந்தா இப்படிப் பேசமாட்டே."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "பெத்தவ நீ, ஊத்திக்கிட்டே இரு. நான் வந்து என்னத்தைக் கிழிக்கப் போறேன்" என்று கத்திவிட்டு வந்துவிட்டேன். ஒரு வாரம் பேசவில்லை. அவளும் பேசவில்லை. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தானே, இரண்டு பேருக்கும் ஒரே பிடிவாதம்.

ஊற்றியதோடு விட்டாளா? கீழே உதிர்ந்த இலையெல்லாம் பெருக்கி எடுத்தாள். தப்பித்தவறி ஏதாவது முளைத்தால் களை என்று பிடுங்கிப் போட்டாள். குட்டி இருக்கிற இடம் சுத்தமாக இருக்கவேண்டுமாம். அந்த ஒற்றைச் செடி மட்டும் பளபளவென்று பச்சையாக, சுற்றிலும் வழித்துத் துடைத்த தரையாகக் கிடந்தது.

அதற்குச் சற்றுத் தள்ளி ஒரு பழைய முள்புதர் இருக்கிறது. அதை யாரும் நடவில்லை, யாரும் ஒரு சொட்டு ஊற்றியதில்லை. காற்று கொண்டுவரும் மணல் அதன் காலடியில் தங்கி மேடாகிவிட்டது. உதிர்ந்த இலையும் காய்ந்த பூவும் அங்கேயே மக்குகின்றன. பறவை வந்து உட்கார்ந்து விதை போட்டுவிட்டுப் போகிறது. முள்ளுக்குப் பயந்து ஆடு வாய் வைப்பதில்லை. அந்த நிழலில் நாலைந்து வகைச் செடிகள் சின்னதும் பெரியதுமாகக் குடித்தனம் நடத்துகின்றன. அடுத்த புதர் எவ்வளவோ தூரத்தில். நடுவில் வெறும் மணல் என்றுதான் தோன்றும். ஆனால் அடியில் இரண்டு புதர்களும் வேரை நீட்டி இருக்கிற ஈரத்தைப் பங்கு பிரித்துக்கொண்டிருக்கும். மூன்றாவதாக ஒருத்தருக்கு அங்கே இடமில்லை. கருணையெல்லாம் கிடையாது, ஆனால் நிற்கிறது.

மழை பொய்த்தது. குழாயில் காற்று மட்டும் வந்தது. லாரித் தண்ணீர்தான் என்று ஆனது, வீட்டுக்கு இத்தனை குடம் என்று அளந்து விட்டார்கள். அந்த லாரியை ஓட்டுவதே மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர். ஊருக்கெல்லாம் தண்ணீர் கொண்டுபோகிறவர், தன் பெண்டாட்டியின் உதடு வெடித்துக் கிடந்ததைக் கவனிக்கவில்லை. தன் பங்குத் தண்ணீரைத்தான் அவள் செடிக்குக் கொண்டுபோய் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒருநாள் சமையலறையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்னையும் மாமாவையும் வராந்தாவுக்குக் கூப்பிட்டுத் திட்டினார். "தண்ணியில்லாம கிட்னி பாதிச்சிருக்கு. இந்தத் தடவை காப்பாத்திடலாம். திரும்பவும் தண்ணி குடிக்காம இருந்தாங்கன்னா என்கிட்ட தூக்கிட்டு வராதீங்க."

மாமா சுவரில் சாய்ந்து நின்று குழந்தை மாதிரி அழுதார். "தண்ணி லாரி ஓட்டுறவன் பொண்டாட்டி தண்ணியில்லாம செத்தான்னு ஊர் சிரிக்கப் போகுது" என்றார். அந்த நேரத்திலும் அவருக்கு ஊர். எனக்கு வந்த ஆத்திரத்தை அடக்கிக்கொண்டேன்.

உள்ளே போனதும் அக்கா என் கையைப் பிடித்தாள். கையில் சதையே இல்லை. "நான் வர்ற வரைக்கும் நீ ஊத்துடி. சத்தியம் பண்ணு."

பண்ணினேன்.

அன்று சாயங்காலம் குடத்தோடு போனேன், பொய் சொல்லவில்லை. ஊற்றுவதற்கு முன்னால் செடியின் அடியில் விரலால் மணலைப் பறித்துப் பார்த்தேன். நினைத்தது சரியாகப் போயிற்று. வேரெல்லாம் ஒரு சாண் ஆழத்துக்குள்ளேயே பாய் பின்னிய மாதிரி படுத்துக் கிடந்தது. இவ்வளவு வளர்ந்த பிறகு மறக்கடிக்க முடியாது. ஊற்றிக்கொண்டே இருந்தால் இது இருக்கும். நிறுத்தினால் போய்விடும். இது இருக்கும்வரை அக்கா தன் வாய்த் தண்ணீரை இதற்குத்தான் ஊற்றுவாள்.

குடத்தை அப்படியே வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அப்புறம் போகவில்லை.

"ஊத்தினியா?" என்று ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு தடவையும் கேட்டாள்.

"ஊத்தினேன்க்கா."

"புது இலை விட்டிருக்கா?"

"விட்டிருக்கு. நீ இந்தத் தண்ணியைக் குடி முதல்ல."

அனல்காற்று வீசிக்கொண்டிருந்த காலம் அது. அவள் வீடு திரும்புவதற்கு முதல்நாள் போய்ப் பார்த்தேன். நகத்தால் பட்டையைக் கீறினேன். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. அடியிலிருந்து நுனிவரைக்கும் கீறினேன். எல்லாம் வைக்கோல் நிறம்.

அக்கா வந்து பார்த்து அதன் முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எனக்கு எங்கிருந்து அந்தப் பொய் வந்ததோ தெரியவில்லை.

"தூங்குதுக்கா. இந்த வெயிலுக்கு எல்லாச் செடியும் இப்படித்தான் தூங்கும். அந்த முள்புதரைப் பாரு, அதுலயும் ஒரு இலை இருக்கா? இப்பத் தண்ணி ஊத்தினா அழுகிடும். மழை வந்தா தானா முழிச்சுக்கும்."

முள்புதரைப் பற்றிச் சொன்னது அத்தனையும் உண்மை. அதனாலேயே அவள் நம்பினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சத்தம் போடாம இருப்போம்" என்று எழுந்துவந்தாள்.

அதற்கப்புறம் அவள் அங்கே போகவில்லை. தன் பங்குத் தண்ணீரைத் தானே குடித்தாள். முகத்தில் சதை பிடித்தது, கொஞ்சம் சிரிக்கவும் செய்தாள். நான் செய்தது சரிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சோறுதான் இறங்கவில்லை.

கடைசியில் மழை வந்தது, ஊரே மொட்டைமாடியில் ஏறி நின்றது. இரண்டு மூன்று நாள் கழித்து அக்கா தலையை வாரி, நல்ல புடவை கட்டிக்கொண்டு என் வீட்டு வாசலில் நின்றாள். "வாடி, முழிச்சிருப்பா" என்றாள். செடியைச் சொல்கிறாளா குட்டியைச் சொல்கிறாளா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

முள்புதர் பச்சைப்பசேல் என்று நின்றது. தூரத்துப் புதர்களும் அப்படியே. எங்கள் செடி மட்டும் குச்சியாக நின்றது. அக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இவ எப்பவுமே லேட்டாத்தான் எழுந்திருப்பா" என்றாள்.

நான் தரையைப் பார்த்தேன். அவள் பெருக்காமல் விட்ட நாட்களில் காய்ந்த கிளைகளுக்கு அடியில் மணலும் சருகும் சேர்ந்து சின்ன மேடு கட்டியிருந்தது. அதன் நடுவில் ஒரு முள்செடி. சுண்டுவிரல் உயரம் இருக்கும், இரண்டே இலை. செத்த செடியின் நிழலில் முளைத்திருந்தது. இது நின்றால் மணல் நிற்கும், குட்டி தொலையமாட்டாள். இதற்கு யாரும் குடம் தூக்கவேண்டாம்.

அக்காவும் பார்த்துவிட்டாள். "சீ, களை" என்று குனிந்தாள்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "அதை விடுக்கா."

"ஏன்?"

"உன் செடி செத்துப்போச்சு. இதுதான் இனி இங்க நிக்கப் போகுது."

"தூங்குதுன்னு சொன்னியே?"

"பொய் சொன்னேன்."

என் முகத்தையே பார்த்தாள். "ஆஸ்பத்திரியில இருந்தப்போ ஊத்தினியா?"

"இல்ல. ஒரு நாள்கூட ஊத்தல. நீ செத்துடுவேன்னு பயந்துட்டேன்க்கா. எனக்கு நீதானே இருக்கே."

திட்டுவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் என் பிடியிலிருந்து கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். குனிந்தாள். அந்த முள்செடியை வேரோடு பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தாள்.

"இந்தா. இதையும் நீயே தூங்கவை" என்றாள்.

திரும்பிப் பார்க்காமல் நடந்து போய்விட்டாள்.

அக்கா நன்றாகத்தான் இருக்கிறாள். டாக்டரம்மாவே ஆச்சரியப்பட்டார் என்று மாமா வந்து சொன்னார். இன்னமும் லாரித் தண்ணீர்தான்; லாரி வரும்போது வரிசையில் எனக்கு முன்னால் நின்று குடத்தை நிரப்பிக்கொண்டு போகிறாள். என்னோடு பேசுவதில்லை. குட்டியிடமும் போவதில்லை.

யாரும் பெருக்காததால் அங்கே சருகு சேர்ந்தது. இன்னொரு முள்செடி வந்தது, அதன் பக்கத்தில் இன்னும் ஒன்று. அக்கா நட்ட செடியின் குச்சிகள் அவற்றுக்கு நிழலாக நிற்கின்றன. மணல் அங்கே நின்றுவிட்டது. இனி எந்தக் காற்றுக்கும் அந்த இடம் தொலையாது.

இதைச் சொல்லத்தான் அடிக்கடி அக்கா வீட்டுக்குப் போகிறேன். உள்ளே அவள் சொம்பில் தண்ணீர் மொண்டு குடிக்கும் சத்தம் கேட்கிறது. நான் கதவைத் தட்டுகிறேன். அவள் திறப்பதில்லை.