தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

ஹட்டனில் வேன் ஏறும்போதே எனக்கு அலுத்துப்போயிருந்தது. முந்தின நாள் வலப்பனைப் பக்கம் ஒரு வீட்டில் பேசிப் பேசித் தொண்டை கட்டிவிட்டது. காலையில் உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்துக்கொண்டிருக்கும்போதே போன் வந்தது. ஒரு தேயிலைத் தோட்டத்தில், பிள்ளை பெற்று மாதம்கூட ஆகாத ஒருத்தி கைப்பிள்ளையோடு தன் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாளாம். யார் கூப்பிட்டாலும் திறக்கவில்லையாம். கதவை உடைக்கலாமா என்று கேட்டார்கள். உடைக்க வேண்டாம், நாங்கள் வருகிறோம் என்று நிரஞ்சன் போனில் கெஞ்சாத குறையாகச் சொன்னார்.

நிரஞ்சன் எங்கள் மனநலக் குழுவின் நர்ஸ். வேன் ஓட்டுகிறவர் சோமபால. மூன்றாவது ஆள் நான், நாகலெட்சுமி. நிரஞ்சனுக்கு மருந்து தெரியும், சோமபாலவுக்கு ரோடு தெரியும். உனக்கு என்ன தெரியும் என்று கேட்டால், பைத்தியம் பிடித்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். காகிதத்தில் என் வேலைக்குச் சக ஆதரவாளர் என்று பேர். தோட்டத்து வரிசை வீடான லயத்துச் சனத்திடம் அதை விளக்கப் போனால், ‘அப்ப நீங்களும் முந்தி...’ என்று இழுப்பார்கள். ஆமாம், நானும் முந்திதான் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பேன். வெட்கப்பட்டுக்கொண்டிருந்தால் அடுப்பு எரியுமா?

நோயில் கிடந்து எழுந்தவள் நோயில் கிடக்கிறவளிடம் போய் உட்கார்ந்து பேச வேண்டும். அதுதான் வேலை. ஒவ்வொரு வீட்டிலும் என் கதையை முதலிலிருந்து அவிழ்க்க வேண்டும். சொல்லிச் சொல்லி அது யாரோ ஒருத்தியின் கதை போல ஆகிவிட்டது. சில நாள் அப்படி ஆனதே நல்லதென்று இருக்கும். சில நாள் ராத்திரிச் சோறு இறங்காது.

வேனை நாங்கள் ஒருபோதும் லயத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தமாட்டோம். வேன் நின்ற வீடு என்று ஒரு தரம் பேராகிவிட்டால் அந்த வீட்டுப் பெண்ணுக்குக் காலத்துக்கும் அதுதான் பேர். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கீழே கொழுந்து நிறுக்கிற மடுவத்தடியில் நிறுத்திவிட்டு மழையில் படியேறினோம். என் முழங்கால் ஒவ்வொரு படிக்கும் என்னைத் திட்டியது.

லயத்து வாசலில் வேலைக்குப் போகாதவர்கள் எல்லாரும் நின்றார்கள். நடுவில் புருஷன்காரன் கிஷாந்த். கொழும்பில் கடை வேலை, அவளுக்குச் சுகமில்லை என்று தகவல் கேட்டு விடிகாலை ரயிலில் வந்து இறங்கியிருந்தான். கையில் அலவாங்கு. அதைக் கதவு இடுக்கில் விட்டு நெம்ப வேண்டியதுதான் பாக்கி. அவனுடைய அம்மா பூரணி விவரம் சொன்னாள். மருமகள் பேர் பிரேமினி. ஒரு வாரமாகத் தூக்கமே இல்லை. கூரைத் தகரத்தில் யாரோ உட்கார்ந்து பேசுகிறார்கள் என்கிறாள். பிள்ளையை எல்லாரும் சேர்ந்து பறிக்கப் போகிறோம் என்கிறாள். முதல் பிள்ளை மூன்று மாதத்தில் தவறிப்போனதிலிருந்தே அவளுக்குத் தலை சரியில்லை என்று சொல்லி, பூரணி முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். பொலிசுக்குச் சொல்லத் தோட்டத்துத் தலைவர் போயிருக்கிறார் என்றும் சொன்னாள்.

பொலிஸ் வந்தால் கதவு உடையும். உடைகிற கதவைப் பார்த்து ஏற்கெனவே பயந்து கிடக்கிறவள் என்ன செய்வாள், யாருக்குத் தெரியும்? பிள்ளை அவள் மடியில் இருந்தது. உள்ளே அடுப்பு இருந்தது, தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி இருந்தது. அவர்கள் வருவதற்குள் அவளே கையால் தாழ்ப்பாளை எடுக்க வேண்டும். நிரஞ்சன் கிஷாந்தின் தோளில் கைபோட்டு அலவாங்கை மெல்ல வாங்கிக்கொண்டார்.

நான் அந்தக் கதவைத் தட்டவே இல்லை. பழைய லயங்களில் ஒரு காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் நடுவில் இருக்கிற சுவர் கூரைவரை போகாது. இங்கே இருமினால் அங்கே தெரியும். புருஷன் பெண்டாட்டி ரகசியமெல்லாம் அந்தச் சந்து வழியாகத்தான் ஊருக்குப் போகும். தட்டுகிற கதவு யாருக்கும் பயம், சுவருக்கு அப்பால் கேட்கிற குரல் பழக்கப்பட்டது. அதனால் நான் எப்போதும் பக்கத்துக் காம்பராவில் போய் உட்கார்ந்து பேசுவேன். எந்தப் பயிற்சியிலும் இதைச் சொல்லித் தரவில்லை.

பக்கத்துக் காம்பரா கிஷாந்தின் அக்கா ஜெயந்தினியுடையது. கல்யாணமாகிப் பல வருஷம், பிள்ளை இல்லை என்று வாசலிலேயே ஒருத்தி என் காதில் போட்டுவிட்டாள். உள்ளே போனதும் முதலில் கண்ணில் பட்டது, உத்தரத்தில் புதுச் சேலையில் கட்டிய தொட்டில். மேசையில் உறை பிரிக்காத பால் போத்தல், பால்மா டின். மூலையில் ஒரு சுளகு நிறையத் தவிடு. பிள்ளை இல்லாத வீட்டில் தொட்டில் யாருக்கு என்று கேட்டேன். ஜெயந்தினி தரையைப் பார்த்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை பிள்ளையைத் தவிட்டுக்கு வாங்கப் போகிறோம் என்றாள்.

எங்கள் சனத்தில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. முதல் பிள்ளை தங்காத வீட்டில் அடுத்த பிள்ளையைத் தவிட்டுக்கு விற்பார்கள். தாய் ஒரு பிடி தவிட்டை முந்தானையில் வாங்கிக்கொண்டு பிள்ளையை இன்னொருத்தி கையில் கொடுப்பாள். இது அவள் பிள்ளை இல்லை, தவிட்டுக்குப் போன பிள்ளை என்று எமனை ஏமாற்றுகிற காரியம். வாங்கினவள் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருப்பாள். தாய் கேட்டதும் மறுபேச்சு இல்லாமல் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காமல் இருந்தால் பெரும் பாவம் என்பார்கள். கொஞ்ச நேரச் சடங்குக்குத் தொட்டில் எதற்கு, பால்மா எதற்கு?

நான் சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தேன். கட்டின தொண்டையில் என்ன வந்ததோ அந்தக் குரலில் பேசினேன். என் பேரைச் சொன்னேன். எனக்கும் பிள்ளை பெற்ற பிறகுதான் தூக்கம் போனது, எனக்கும் யாரோ பேசினார்கள், தண்ணீர்ப் பீலிக்குள்ளிருந்து பேசினார்கள் என்று சொன்னேன். பிள்ளை சிணுங்குகிற சத்தமும் அவள் அதைத் தட்டிக்கொடுக்கிற சத்தமும் மட்டும் கேட்டன. பிறகு, நீங்களும் அவர்கள் கூட்டிவந்த ஆள்தான் என்றாள். ஆமாம், அவர்கள்தான் கூப்பிட்டார்கள், ஆனால் நான் உன் பக்கத்துச் சுவரில்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்றேன். அவள் சுவரோரம் நகர்ந்து வந்து சொன்னாள்.

“வெள்ளிக்கெழம புள்ளைய வாங்கிட்டுத் திருப்பித் தரமாட்டாங்க அக்கா. மாமியும் அண்ணியும் அந்தப் பக்கம் ஒக்காந்து பேசுனத நான் காதால கேட்டேன். சொன்னா, ஒனக்கு வெறுஞ்சத்தம் கேக்குது, நீ மாத்திரைய போடுன்றாங்க.”

நான் ஜெயந்தினியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது. கேட்கவே தேவையில்லை, தானாகவே சொன்னாள். அவளுக்குத் தலை தெளிகிறவரை பிள்ளை இங்கேயே இருக்கட்டும் என்று அம்மாதான் சொன்னாளாம். தெளியாவிட்டால்? தொட்டில் சேலையின் நுனியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள்மேல் எனக்குக் கோபம் வந்தது, பாவமாகவும் இருந்தது. இரண்டையும் தூக்கிச் சுமக்க அன்றைக்கு எனக்குத் தெம்பு இல்லை.

வாசலில் நின்ற நிரஞ்சன் இதை அவளிடம் சொல்ல வேண்டாம் என்று தலையாட்டினார். உள்ளே இருக்கிறவளின் பயத்தைப் பெரிதாக்கிவிடக் கூடாதே என்று அவருக்குக் கவலை. நியாயமான கவலைதான். ஆனால் எனக்கு அந்த நிமிஷம் பொய் சொல்ல வாய் வரவில்லை.

“அது நெசந்தான் பிரேமினி. இங்க தொட்டில் கட்டியிருக்கு. நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.”

அந்தச் சுவரில் சொன்னது லயம் முழுக்கக் கேட்டிருக்கும். உள்ளே அவள் அழுத அழுகை கூரையைத் தொட்டது. அப்படியானால் தனக்குப் பைத்தியம் இல்லையா என்று கேட்டாள்.

“ஒனக்குச் சொகமில்ல தாயி. கூரையில பேசுறது நோவு. செவத்துல பேசுனது நெசம். ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு.”

இந்த நேரம் பார்த்துத் தலைவர் ஓடிவந்து, பொலிஸ் ஜீப் கீழ் ரோட்டுக்கு வந்துவிட்டது என்றார். கிஷாந்த் கதவருகே போய்ப் பெண்டாட்டி பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, நான் இருக்கிறேன், பிள்ளையை யாரும் எடுக்கமாட்டார்கள் என்று சத்தியம் பண்ணினான். அவன் சொன்னதை அவள் காதில் வாங்கினதாகவே தெரியவில்லை. சுவரோடுதான் பேசினாள். எனக்குப் பிள்ளை இருக்கிறதா என்று கேட்டாள். ஒரு மகன் இருக்கிறான் என்றேன்.

“ஆஸ்பத்திரியில இருந்து வந்தப்ப திருப்பிக் குடுத்தாங்களா?”

இந்தக் கேள்வியை இத்தனை வருஷத்தில் யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானும் எந்த வீட்டிலும் என் கதையை இந்த இடம்வரை கொண்டுவந்ததில்லை. குணமாகி வந்தேன், வேலைக்குப் போகிறேன் என்பதோடு முடித்துவிடுவேன். நம்பிக்கை வருகிறாற்போலப் பேச வேண்டும் என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். என் மகனுக்கு இப்போது மீசை முளைத்துவிட்டது. பட்டிப்பொலயில் என் நாத்தனார் வீட்டில் வளர்ந்தான். அவளைத்தான் அம்மா என்பான். வழியில் கண்டால் என்னை அத்தை என்பான். கீழே ஜீப்பின் சத்தம் கேட்டது. கொடுத்தார்கள் என்று ஒரு சொல் சொன்னால் கதவு திறந்துவிடும் போல இருந்தது.

“இல்ல,” என்றேன். “குடுக்கல. கேட்டேன், கெஞ்சினேன். குடுக்கல.”

சுவருக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவளும் அழுதுகொண்டிருந்தோம். நல்ல ஆதரவாளர்தான் போ என்று என்னையே திட்டிக்கொண்டேன். காரியம் கெட்டது என்று நினைத்துக் கையை ஊன்றி எழுந்திருக்கும்போது அடுத்த காம்பராவில் தாழ்ப்பாள் விலகுகிற சத்தம் கேட்டது.

நான் வெளியே வந்தபோது பிரேமினி படியில் நின்றாள். தலை விரிந்து, கண் உள்ளே போய், பிள்ளையை மாரோடு அணைத்திருந்தாள். கிஷாந்த் ஓர் அடி வைத்ததும் அவள் பின்னால் நகர்ந்தாள். நிரஞ்சன் அவனைப் பிடித்து நிறுத்தினார்.

“நாகலெட்சுமி அக்கா யாரு?” என்று கேட்டாள். நான் கையைத் தூக்கினேன்.

“தவிடு எடுத்துக்கிட்டு வாங்க. ஒங்களுக்குத்தான் விப்பேன்.”

பூரணி குதித்தாள். வெளியாள் கையில், அதுவும் இவளே ஒரு காலத்தில் பைத்தியமாகத் திரிந்தவள், இவள் கையிலா பேரப்பிள்ளையைக் கொடுப்பது என்றாள். சொன்னது பொய்யில்லை, நான் என்ன சொல்ல? நிரஞ்சன் என் காதருகே வந்து, அக்கா இது நம் வேலைக்குள் வராதே என்றார். வராதுதான். ஆனால் கதவு திறந்திருந்தது. நான் ஜெயந்தினியின் காம்பராவுக்குப் போய், அவளைக் கேட்காமலே சுளகிலிருந்து ஒரு பிடி தவிட்டை அள்ளினேன். அவள் தடுக்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பின்னாலேயே வந்து சனத்தோடு நின்றாள்.

பிரேமினி முந்தானையை ஏந்தினாள். தவிட்டைப் போட்டேன். அவள் பிள்ளையை என் கையில் வைத்தாள். வைத்துவிட்டு, லயம் முழுக்கக் கேட்கிறாற்போல, இது இனி நாகலெட்சுமி பிள்ளை, இதன்மேல் இங்கே யாருக்கும் பேச்சில்லை என்றாள். நோயில் கிடந்த பெண்ணுக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ. அப்புறம் என்னிடம் மட்டும் மெல்லச் சொன்னாள்.

“ஒங்களுக்குத்தான் அக்கா திருப்பிக் குடுக்கத் தெரியும். புள்ள கெடைக்காம நின்னது நீங்கதானே.”

ஜீப்பில் வந்தவர்களிடம் நிரஞ்சன் சிங்களத்தில் பேசித் திருப்பி அனுப்பினார். பிரேமினி தானாகவே படியிறங்கி வேனுக்கு வந்தாள். கிஷாந்த் முன் சீட்டில் ஏறிக் குனிந்தபடி அழுதான். பிள்ளையையும் தாயோடு வைத்துக்கொள்ள ஆஸ்பத்திரி வார்டில் இடம் கேட்டு நிரஞ்சன் போன் பண்ணினார். வாருங்கள், பார்க்கலாம் என்று சொன்னார்களாம். பார்க்கலாம் என்றால் அலைய வேண்டியதுதான். அன்றைக்கு எத்தனை மேசைக்கு முன்னால் நிற்க வேண்டும் என்று நினைக்கவே எனக்கு அசதியாக இருந்தது.

வேன் இறக்கத்தில் திரும்பியபோது பிரேமினி, கேட்டால் உடனே கொடுப்பீர்களா என்று கேட்டாள். கேட்டுப் பார் என்றேன்.

“குடுங்க,” என்றாள்.

கொடுத்தேன். நிரஞ்சன் பிள்ளைக்கு அடியில் தன் கையைத் தாங்கலாக வைத்துக்கொண்டார். அவள் பால் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில், வைத்துக்கொள்ளுங்கள் என்று தானே நீட்டினாள். அடுத்த வளைவில் மறுபடி கேட்டாள், கொடுத்தேன். டவுன் வருகிறவரை இதேதான். கேட்பாள், கொடுப்பேன், அவள் என்னிடம் தருவாள், மறுபடி கேட்பாள். சோமபாலவுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் வேனை மெதுவாகவே ஓட்டினார்.

ஒவ்வொரு தரமும் கொடுக்கும்போது எனக்கு எதுவும் ஆகவில்லை. வானம் இடிந்து விழவில்லை. பிள்ளையைத் தூக்கி நீட்ட வேண்டும், அவ்வளவுதான். இந்தச் சின்னக் காரியத்தைச் செய்ய என் நாத்தனாருக்கு ஒருநாள்கூட மனசு வரவில்லையே என்று நினைத்தபோது எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

“அக்கா, குடுங்க,” என்றாள் பிரேமினி.

கொடுத்தேன்.