செவ்வாய்க்கிழமைத் தூசி

1.

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் அமெரிக்காவில், யூட்டா மாநிலத்தின் தென்கோடியில் இருக்கிறது. நெவாடாப் பாலைவனத்தில் அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்த காலத்தில், அந்தத் தூசி காற்றில் வந்து சேர்ந்த பக்கம் இருந்தவர்கள் நாங்கள். ஒவ்வொரு ஜனவரியிலும் ஊர்க்கூடத்தில் கூடி, அதனால் செத்தவர்களின் பெயர்களை வாசிப்போம். சென்ற முறை என் தங்கை ரோவீனாவின் பெயரை வாசித்துவிட்டு, "அவ தலையில விழுந்த தூசிய அலச எங்க அப்பா விடல" என்றேன். கூடமே அழுதது. அப்பா செத்து முப்பது வருஷமாகிறது. அவரால் மறுக்க முடியாது.

2.

முதல் தொடக்கம்: "1953 மே மாதம், அன்று வானம் இரண்டு முறை விடிந்தது, முதல் விடியல்..."

(வேண்டாம். அழகாக இருக்கிறது. அழகாக இருக்கக் கூடாது.)

இரண்டாவது: "திறந்த வெளியில் நூறு குண்டுகளை வெடித்தவர்கள், காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்துத்தான்..."

(ஆமாம், பார்த்துத்தான் வெடித்தார்கள். பெரிய நகரங்களின் பக்கம் வீசினால் காத்திருந்தார்கள். எங்கள் பக்கம் வீசினால் வெடித்தார்கள். எனக்கு எத்தனையோ வருஷமாகத் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் எழுதும்போது வாய்விட்டுத் திட்டுகிறேன். அடப்பாவிகளா, பார்த்தா வெடித்தீர்கள்?)

3.

மூன்றாவது தொடக்கம் பெட்டியிலிருந்து.

அந்த வருஷம் ஊரில் பாதிப்பேருக்கு நிலத்தில் யுரேனியம் தேடிப் பணக்காரராகும் பித்து. கதிர்வீச்சு இருந்தால் டிக்டிக்கென்று கத்தும் பெட்டி ஒன்றை என் அப்பா தேய்னும் வாங்கியிருந்தார். செவ்வாய்க்கிழமை மதியம் முற்றத்தில் அதைத் திருகியதும் சோளம் பொரிவதுபோலப் பொரிந்தது.

"லவோன்! அடியே, ஓடி வா! நம்ம வாசல்லயே சுரங்கம் இருக்குடி!"

அம்மா துடைப்பத்தோடு வந்தாள். காலையில் மேற்கிலிருந்து வந்த மேகம் உதிர்த்த சாம்பல்நிறத் தூசி எங்கும் படிந்திருந்தது.

"சுரங்கமாவது மண்ணாங்கட்டியாவது! போன மாசம் கோழிக்கூண்டுக்கு அடியில வெள்ளி இருக்குன்னு தோண்டுனீங்க."

"பெட்டி பொய் சொல்லுமா? பாரு, வேலியில கத்துது, மாட்டு மேல கத்துது..." அவர் பெட்டியோடு இணைந்த குழாயை ரோவீனாவின் தலையருகே கொண்டுபோனார். பெட்டி அலறியது. "ஐயோ, என் செல்லம் நம்ம மண்ணுல புரண்டிருக்கு! இவதான்டி சுரங்கம்!"

அவளுக்கு ஆறு வயது. சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்தது.

(அடிக்குறிப்பு: தேய்ன் என்ற இந்தப் பாத்திரத்தின்மேல் எனக்கே சந்தேகம். இவ்வளவு அப்பாவி உண்டா? உண்டு. குண்டைப் பற்றி ரேடியோ ஆபத்தில்லை என்றது. அரசாங்கத்தைச் சந்தேகப்படுவது எங்கள் ஊரில் தேவசபையைச் சந்தேகப்படுவதுபோல. யாருக்கும் அது தோன்றவே இல்லை.)

4.

இங்கே அப்பா, "யாரும் இவ தலைய அலசக் கூடாது" என்று

இல்லை. அவர் அப்படிச் சொல்லவே இல்லை.

சுரங்க உரிமைக்காக நிலத்தைப் பதிவு செய்ய வண்டியில் ஏறும்போது என்னைக் கூப்பிட்டார். "நெல்டா, இவ தலைய அலசி விடும்மா. கண்ணெல்லாம் செவந்திருக்கு."

எனக்கு ஒன்பது வயது. எங்கள் வீட்டில் தலைக்குக் குளிப்பது சனிக்கிழமைதான், ஞாயிறு சபைக்குப் போவதற்காக. ரோவீனாவைக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போனேன்.

"அக்கா, அப்பா அலசச் சொன்னாரே?"

"அலசினா பெட்டி கத்தாதுடி. நீ சுரங்கமா இருக்க வேணாமா?"

"இருக்கணும்!"

வேலிக்கம்புகளில் படிந்திருந்த தூசியை இரண்டு கையாலும் வழித்து, அவள் தலையில் போட்டுத் தேய்த்தேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றாள்.

"இன்னும் கொஞ்சம் போடுக்கா."

போட்டேன். அம்மாவிடம் "அலசிட்டேன்" என்றேன். சாயங்காலம் பெட்டி முன்னைவிட அதிகமாகக் கத்தியது. அப்பா அவளைத் தூக்கிச் சுற்றினார். "அலசியும் கத்துதே! அசல் சரக்குடி இது!" சனிக்கிழமைவரை ரோவீனா அந்தத் தலையோடுதான் என் பக்கத்தில் படுத்தாள்.

5.

முடிவு ஒன்று: பதினோரு வயதில் ரத்தப் புற்று அவளைக் கொண்டுபோனது. இதை மாற்ற முடியாது. என் கைத் தூசியாலா, தூசி படிந்த புல்லைத் தின்ற மாட்டின் பாலாலா, காற்றாலா என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியவில்லை.

முடிவு இரண்டு: வரும் ஜனவரியில் எழுந்து நின்று உண்மையைச் சொல்கிறேன். "ஒம்பது வயசுக் குழந்தைக்கு என்னம்மா தெரியும்?" என்று எல்லாரும் கட்டிக்கொள்வார்கள். அப்பாவுக்கும் ஒன்றும் தெரியாது. அவருக்கு நான் அந்த மன்னிப்பைத் தரவில்லை. தராதது மட்டுமல்ல, என் குற்றத்தையும் அவர்மேல் போட்டேன்.

முடிவு மூன்று: கொட்டகைக்குப் பின்னால் தொட்டியில் வெந்நீர் வைத்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை மதியம். ரோவீனா கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறாள். நான் குவளையை எடுத்து

மூன்று முறை எழுதிப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் என் கை வேலிக்கம்புக்கே போகிறது. என்னால் ஆகாது. குவளையை இங்கே வைக்கிறேன், நீங்கள் ஊற்றுங்கள். இரண்டு தடவை அலசுங்கள். அவள் அழுவாள், சுரங்கமாக இருக்க வேண்டும் என்பாள். விட்டுவிடாதீர்கள்.