சுந்தரி அடிக்காத மணி

எழுதியாச்சே. போன மாசமே நோட்டில் எழுதிக்கொண்டு போயாச்சே, காது கேட்குதுன்னு. பிறகு எதுக்கு மறுபடியும் வாரா?

தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் எஸ்தர்ராணி சிஸ்டரின் வெள்ளைச் சேலை தெரிந்ததுமே கல்யாணசுந்தரியின் விரல்கள் நின்றுவிட்டன. மரச்சட்டத்தில் பாதிக்குத்தான் குச்சி அடுக்கியிருந்தாள். அவள் காலருகே, சாக்கு விரிப்பில், ஒன்றரை வயது மகள் செண்பகம் ஒடிந்த குச்சிகளைப் பொறுக்கித் தகர டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி சுந்தரி, ஒன் சிஸ்டர் வந்துட்டாவ" என்றாள் எதிர்வரிசை இஞ்ஞாசியம்மாள். "செண்பகத்துக்கு மாப்பிள்ளை பாத்துட்டு வாராவளோ என்னமோ."

பெண்கள் சிரித்தார்கள். சுந்தரியும் சிரித்துவைத்தாள்.

போன மாதம் இதே இடத்தில்தான் நடந்தது. மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து கைக்குழந்தைகளுக்குக் காது பார்க்க வந்திருக்கிறார்கள் என்றார்கள். சளி, சீழ் பார்ப்பார்கள் என்றுதான் சுந்தரி நினைத்திருந்தாள். சிஸ்டரோ பிள்ளையைத் தாயின் மடியில் உட்காரவைத்தாள். இஞ்ஞாசியை முன்னால் நிறுத்தி ஒரு மரப்பாச்சியை ஆட்டச் சொன்னாள். பிறகு ஓசைப்படாமல் பின்பக்கம் போய், ஒரு சின்ன வெண்கல மணியை எடுத்தாள்.

மணி வலப்பக்கம் ஒலித்தது. செண்பகம் மரப்பாச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த ஒலிக்குச் சுந்தரியின் பெருவிரல் பிள்ளையின் வலத்தொடையை அழுத்தியது. பிள்ளை வலப்பக்கம் திரும்பிற்று. இடப்பக்கம் ஒலித்தபோது இடத்தொடை. அங்கேயும் திரும்பிற்று. சிஸ்டர் நோட்டில் எழுதினாள்.

அப்படிச் செய்யச் சொல்லி யாரும் சொல்லவில்லை. செய்யவேண்டும் என்று அவளும் நினைக்கவில்லை. விரல் தானாகச் செய்தது. வீட்டுக்குப் போகிற வழியில், பிள்ளை தானாகத்தான் திரும்பினாள், நான் அழுத்தியது சும்மா ஒரு பதற்றத்தில், என்று சொல்லிக்கொண்டாள். ஊருக்குள் போய்ச் சேர்வதற்குள் அதை நம்பியும்விட்டாள்.

பயம் கொம்பையா மகனால் வந்தது. பக்கத்துத் தெருக்காரர் அவர். பையனுக்குக் காது கேளாது என்று ஏழு வயதில் கண்டுபிடித்துப் பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கேயே தங்கல். முதல் லீவுக்கு வந்தவன் தன் அம்மாவைப் பார்த்துக் கையைக் கையை ஆட்டினான். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. யார் வீட்டுப் பிள்ளையோ வந்து நிற்கிற மாதிரி அவள் நின்றதைச் சுந்தரி தன் கண்ணால் பார்த்தாள்.

சிஸ்டர் நேரே அவளிடம்தான் வந்தாள். விரிப்பில் உட்கார்ந்து பையைத் திறந்து அந்த வெண்கல மணியை எடுத்தாள்.

"சுந்தரி, புதூர்ப் பக்கம் இருவது ஊருக்கும் போய்ப் பாக்கணும்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாவ. நான் ஒருத்தி எங்கனதான் போவேன்? அதான், அங்கங்க ஒரு தாய்க்கு இதைப் பழக்கிவிடப் போறோம். இங்கன நீ பழகிக்கோ."

"நானா? நான் எதுக்கு சிஸ்டர்?"

"ஒம் பிள்ளைதான் அழகாத் திரும்புச்சே."

அதைச் சொல்லும்போது அவள் சிரித்தாளா? சுந்தரிக்குத் தெரியவில்லை. சிஸ்டரின் கண் பிள்ளையின் தொடைப்பக்கம் போய் வந்ததுபோல் இருந்தது. இல்லை, பாவாடையில் ஒட்டியிருந்த குச்சியைப் பார்த்திருப்பாள். எல்லாம் தெரிந்துகொண்டுதான் வந்திருக்கிறாளா? தெரிந்திருந்தால் நேரே கேட்க வேண்டியதுதானே?

"சிஸ்டர், அவளுக்கு வேண்டாம்னா எனக்குப் பழக்கிவிடுங்க" என்றாள் இஞ்ஞாசி. "எங்க வீட்டுல ஒரு ஆளு இருக்காரு, நாப்பது வயசு. நான் கூப்புட்டா ஒருநாளும் திரும்ப மாட்டாரு."

சிரிப்பு அடங்கும்வரை சிஸ்டர் காத்திருந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"கேக்கலைன்னா ஒடனே பிள்ளையப் பிரிச்சுக் கொண்டுபோயிருவோம்னு தாய்மாரு பயப்படுதாவ. அப்படி இல்ல. ரெண்டு வயசுக்குள்ள தெரிஞ்சுட்டா, அம்மாவே வீட்டுல வச்சு மொகத்துக்கு நேரா பேசிப் பேசிப் பழக்கலாம். ஒதட்டைப் பாத்தே பிள்ளை படிச்சுக்கிடும். ஏழு வயசு வரைக்கும் தெரியாமப் போறதுதான் பாவம்."

யாரும் அவளிடம் பயத்தைப் பற்றிக் கேட்கவில்லை. தானாக எதற்குச் சொல்கிறாள்? இனிமையாகத்தான் ஆரம்பிப்பார்கள். கொம்பையாவிடமும் இப்படித்தான் இனிமையாகப் பேசியிருப்பார்கள்.

"பிள்ளைய என் மடியில தா" என்று சிஸ்டர் கையை நீட்டினாள். "மொதல்ல ஒம் பிள்ளைக்கே அடிச்சுப் பழகு. நீ பின்னால போய் நின்னு அடி. நான் சும்மா புடிச்சுக்கிட்டு இருக்கேன்."

மறுக்கக் காரணம் தேடுவதற்குள் செண்பகம் சிஸ்டரின் மடிக்குப் போய்விட்டாள். மணி சுந்தரியின் கையில் இருந்தது. இஞ்ஞாசி அதே மரப்பாச்சியை எடுத்து முன்னால் ஆட்டத் தொடங்கினாள்.

சுந்தரி பின்பக்கம் போய் நின்றாள். பிள்ளையின் பிடரி தெரிந்தது. வியர்வையில் சுருண்ட முடி. இரண்டு காதுகள், கம்மல் போட்டவை, எந்தக் குறையும் தெரியாதவை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பிள்ளையை அவள் ஒருநாளும் பின்னாலிருந்து கூப்பிட்டதில்லை. சுற்றிக்கொண்டு முன்னால் போய் நின்றுதான் கூப்பிடுவாள். எப்போதிலிருந்து இப்படி? பல் முளைத்த நாளிலிருந்தா? அதற்கும் முன்பா? சிஸ்டர் வேவு பார்க்க வந்தவள் என்று இத்தனை நேரம் நினைத்திருந்தாள். ஒரு வருஷமாக இந்தப் பிள்ளையின் முதுகுப்பக்கம் வராமல் ஒதுங்கி ஒதுங்கி நடந்தது யார்?

ஒரு அசைப்பு போதும். சிஸ்டரின் இரண்டு கைகளும் பிள்ளையின் இடுப்பில் லேசாகக் கிடந்தன. எந்த விரலும் அழுத்தாது.

"அடி சுந்தரி" என்றாள் சிஸ்டர், திரும்பிப் பார்க்காமல்.

சுந்தரி முந்தானை நுனியை எடுத்து மணியின் நாக்கைச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். அப்படியே சுற்றி நடந்து முன்பக்கம் வந்தாள். குனிந்து, ஓசை எழாதபடி, மணியைச் சிஸ்டரின் பைக்குள் வைத்தாள். அவள் முகத்தைக் கண்டதும் செண்பகம் சிரித்துக்கொண்டு இரண்டு கைகளையும் தூக்கினாள்.

"எனக்கு இது வேண்டாம் சிஸ்டர்" என்றாள் சுந்தரி, பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு. "வேற யாருக்காவது பழக்கிவிடுங்க."