பழுக்காத வித்து

சாணியை நான் குறை சொல்ல மாட்டேன். அது நாறும், யாரையும் ஏமாத்தாது.

எங்க ஆய்வுக்கூடத்துல வரிசையா பிளாஸ்டிக் டப்பா. உள்ளே ஈரத்தாள், அதுமேல ஆட்டுப் புழுக்கை, குதிரைச் சாணி. மூடியைத் திறந்தா மூக்கைப் பொத்திக்கணும். பத்து நாள்ல அதுமேல கடுகளவு ஆரஞ்சு நிறக் கிண்ணங்களா காளான் முளைக்கும். வெறும் கண்ணுக்கு எல்லாம் ஒண்ணுதான். ஒரு கிண்ணத்தை ஊசியால கிள்ளி, கண்ணாடித் தகட்டுல நசுக்கி, மைக்ராஸ்கோப்புல பார்த்தாதான் எது எந்த இனம்னு தெரியும். உள்ளே நீளநீளமா பை, ஒவ்வொரு பையிலயும் எட்டு வித்து. வித்தோட அளவு என்ன, அது மேல வழவழப்பா, பருவான்னு பார்க்கணும். பதினாலு வருஷமா எனக்கு இதே வேலை. "அந்தம்மா அளந்தா அளந்ததுதான்"னு மத்த ஆய்வுக்கூடத்துக்காரங்களே சொல்லுவாங்க. என்கிட்ட இருந்த சொத்து அந்தப் பேரு ஒண்ணுதான்.

கூடத்துத் தலைவர் வேற யாருமில்ல, எங்க அக்கா வீட்டுக்காரர். ஒரு நாள் தலைகால் புரியாம ஓடி வந்தார்.

"ஏம்மா, வித்து வழவழன்னு இருக்கு! இந்த ஆரஞ்சுக் கிண்ணத்துல இதுவரைக்கும் யாரும் பார்த்ததில்ல. புது இனம்! அளந்து எழுதிக் கொடு."

பார்த்தேன். வித்து எல்லாம் இன்னும் பைக்குள்ளேயே இருந்தது. பிஞ்சு. பிஞ்சுல எந்த வித்தும் வழவழப்பாத்தான் இருக்கும், இது முதல் வருஷப் பாடம். "பழுக்கல மாமா, ஒரு வாரம் பொறுங்க"ன்னு சொல்லித்தான் அளவைக் கொடுத்தேன்.

டப்பாவை ஈரமாவே வச்சிருந்தேன். ஆறாம் நாள் வித்து தானா வெளியே தெறிச்சிருந்தது. நீலச் சாயம் விட்டுப் பார்த்தா மேலெல்லாம் பரு. உலகத்துல எந்தச் சாணியைக் கிளறினாலும் கிடைக்கிற பழைய இனம்.

மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் குனிஞ்சு பார்த்தார்.

"டப்பாவைக் கொட்டிக் கழுவிடு. புது இனம்னு கட்டுரை போன வாரமே பத்திரிகைக்குப் போயாச்சு."

"திருப்பி வாங்குங்க மாமா."

"பதவி உயர்வு அதுலதான் தொங்குது. அளவு எடுத்தது நீ, ஞாபகம் இருக்கட்டும்."

சாயங்காலம் அக்கா போன். "ஏண்டி, கண்ணுக்கே தெரியாத ஒரு பருவுக்காக என் குடும்பத்துல மண்ணள்ளிப் போடுவியா?"

சீ, நானும் வாயை மூடிக்கிட்டேன். டப்பாவைக் கொட்டினது இந்தக் கைதான். அன்னைக்கு வந்த அருவருப்பு சாணியால வரல. சோப்பு போட்டும் போகல.

கட்டுரை வந்தது. 'அளவுகளுக்கு நன்றி'ன்னு என் பேரு. ஆளாளுக்கு வந்து கை குலுக்கினாங்க. மாமா பதவி உயர்வு வாங்கி, புது நாற்காலியில சாய்ஞ்சு உட்கார்ந்து சிரிச்சார். அந்த அறைப் பக்கம் போறதையே நான் விட்டுட்டேன்.

நாலு மாசம் கழிச்சு எங்கேயோ படிக்கிற ஒரு பொண்ணு எனக்குக் கடிதம் எழுதியிருந்தா.

"அம்மா, உங்க புது இனத்தைத் தேடி நூறு டப்பாவுக்கு மேல வளர்த்துட்டேன். முதல்ல வழவழப்பாத்தான் இருக்கு, கடைசியில எல்லாமே பரு வச்சிடுது. எனக்குப் பார்க்கத் தெரியலன்னு எங்க சார் திட்டுறார். இந்தப் படிப்பையே விட்டுடலாம்னு இருக்கேன். நீங்க அளந்தா தப்பாதுன்னு சொல்றாங்க. நான் எங்கே தப்பு பண்றேன்?"

தூன்னு என்னை நானே காறித் துப்பிக்கணும் போல இருந்தது. உடனே உட்கார்ந்து எழுதினேன்.

"நீ பார்த்தது சரிம்மா. தப்பு பண்ணினது நாங்க. தெரிஞ்சேதான் பண்ணினோம். இதை உங்க சார்கிட்ட காட்டு."

அதோட ஒரு நகலைக் கட்டுரை போட்ட பத்திரிகைக்கும் அனுப்பினேன். அப்புறம் நானே அக்காவுக்கு போன் பண்ணி எல்லாத்தையும் சொன்னேன்.

"எனக்குத் தங்கச்சின்னு யாரும் இல்ல"ன்னு சொல்லிட்டு வச்சுட்டா.