முதலில் போகிறவள்

பாதிவிலை என்கிறவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. பழைய சாமான் சந்தையில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் ஆள் கிடைக்க மாட்டான். எதைக் காட்டினாலும், விலை என்னவென்று காதில் வாங்குவதற்கு முன்பே "பாதிக்குத் தர்றியா?" என்பான். அதில் ஒட்டிய பெயர்தான் இது. அவன் மனைவியைப் பாதிவிலை சம்சாரம் என்றார்கள். அவளுக்கு அது பிடிக்கவில்லை. பிடித்திருக்கிறதா என்று யாரும் அவளைக் கேட்கவும் இல்லை.

தொழிலில் அவளுக்கும் பங்கு உண்டு. ஏதாவது ஒரு வீட்டில் பழைய பொருள் விற்கிறார்கள் என்று தெரிந்தால் முதலில் அவள்தான் போவாள். ஆசையோடு வாங்க வந்தவள் மாதிரி உள்ளே நுழைந்து, பொருளைப் புரட்டிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, நாலு குறை சொல்லி, அடிமாட்டு விலை ஒன்றைக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்புவாள். இதற்கு அவர்கள் வீட்டில் 'இறக்கு' என்று பெயர். மறுநாள் அவன் போவான். ஒன்றும் தெரியாதவனைப் போல அவள் சொன்ன விலைக்கு மேல் கொஞ்சம் சேர்த்துக் கேட்பான். அது 'ஏத்து'. அவள் பாதாளத்தில் தள்ளியதை அவன் தரைக்குக் கொண்டு வருவான், அவ்வளவுதான். விற்கிறவர்கள் அதற்கே உருகிப் போவார்கள். போகும்போது குடிக்கத் தண்ணீர் கொடுத்து வழியனுப்புகிறவர்களும் உண்டு.

அந்த வாரம் வந்தது ஒரு தையல் மெஷின். கையில் தூக்கிக்கொண்டு போகிற சின்ன ரகம். மின்சார மோட்டார், கால் பெடல், மடக்குப் பலகை, பிடி வைத்த பெட்டி. ஐம்பது வருடத்துக்கு முந்தியது. ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவர் விற்கிறார் என்று தகவல்.

"எட்டாயிரம் கேக்கறாராம்," என்றான் பாதிவிலை, சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே. "நம்ம சந்தையில இருவத்தஞ்சுக்குக் கண்ண மூடிக்கிட்டு எடுப்பாங்க. கண்ணாடி அலமாரியில வச்சு அழகு பாக்கறதுக்குன்னே ஒரு கூட்டம் இருக்கு."

"அப்ப எட்டையே குடுத்துட்டு வந்துடலாமே."

இத்தனை வருடம் கூடவே இருந்தும் இவளுக்குத் தொழில் மண்டையில் ஏறவில்லையே என்பது போல அவன் அவளைப் பார்த்தான். "மூணுல முடிக்கணும். நீ போய் அத ஒண்ணுல கொண்டுவந்து உக்கார வை."

"உக்கார வச்சா எனக்கே குடுத்துடுவீங்களா?"

"மூணுக்குள்ள முடிஞ்சா உனக்கு. மூணு தாண்டுச்சுன்னா வித்துத்தான் ஆகணும். கட்டுப்படி ஆகாது."

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. கல்யாணமாகி வரும்போது ஒரு கால் மெஷின் கொண்டு வந்தவள் அவள். நல்ல விலை வந்தது என்று முதல் வருடமே அதை விற்றான். அடுத்தது வாங்கித் தருகிறேன் என்றான். அந்த அடுத்தது இன்றுவரை வரவில்லை. இப்போது ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கும் நர்ஸுகள் விடுதியில் அவளைக் கேட்டிருந்தார்கள். புதுச் சீருடை யாருக்கும் அளவாக இல்லை. இங்கேயே வந்து, போட்டுப் பார்த்து, உட்கார்ந்த இடத்தில் பிடித்துக் கொடுக்க ஆள் வேண்டும் என்றார்கள். கையில் தூக்கிப் போகிற மெஷின் ஒன்று இருந்தால் போதும். ஊரார் வீட்டு வாசலில் போய்ப் பொய் சொல்லுகிற பிழைப்பை அன்றோடு தலைமுழுகிவிடலாம். இந்த ஒரு பொய்யோடு சரி என்று அவள் முடிவு கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

டிரைவர் மூன்றாவது மாடியில் தனியாக இருந்தார். மெஷினைத் துடைத்துச் சாப்பாட்டு மேஜையில் வைத்திருந்தார். வெளிர் பச்சை நிறம். பிளக்கைச் சொருகி, ஒரு துண்டுத் துணியைக் கொடுத்து, "ஓட்டிப் பாரும்மா," என்றார். அவள் பெடலில் கால் வைத்தாள். சத்தமே இல்லாமல் தையல் நேர்கோடாக ஓடியது. அவள் கைக்கு அது ஏதோ நேற்றுவரை ஓட்டிய மெஷின் போல இருந்தது. எடுத்துக்கொண்டு ஓடிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஆனால் வந்த வேலை வேறு.

"பெயிண்டெல்லாம் மங்கிப் போச்சுங்களே ஐயா."

"பழசும்மா. மங்கத்தானே செய்யும்."

"இதுக்கு ஊசி எங்கயும் கிடைக்காது."

அவர் மேஜை டிராயரை இழுத்து ஊசிப் பாக்கெட்டுகளை எடுத்து வைத்தார். பாபினைக் குறை சொன்னாள். ஒரு டப்பா நிறைய பாபின் வந்தது. மனுஷர் பஸ் ஓட்டிய காலத்தில் ஸ்டியரிங்கை இப்படித்தான் பிடித்திருப்பார் போல, விலையை விடுகிற வழியாக இல்லை. இவள் ஒன்று என்றாள், அவர் ஏழு என்றார். இவள் ஒன்றரை என்றாள், அவர் ஆறரை என்றார். "என் சம்சாரம் ஓட்டுன மெஷினும்மா. கண்டவங்க கைக்குப் போகக்கூடாது. உன்னப் பாத்தா தைக்கிறவன்னு தெரியுது. ஆறு குடுத்துட்டு எடுத்துக்கோ. அதுக்குக் கீழ மனசு வரல."

ஆறு என்றால் அது கண்ணாடி அலமாரிக்குப் போய்விடும். நர்ஸுகள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். அப்போதுதான் அது வாயில் வந்தது. வீட்டில் யோசித்து வைத்ததில்லை. மோட்டாரைத் தொட்டவள் சுரீரென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"ஐயா, இதுல கரண்டு கசியுது."

"எனக்கு ஒண்ணும் தெரியலியே."

"சட்டுன்னு தெரியாதுங்க. துளித்துளியா உடம்புல இறங்கும். எங்க தையல் கடையில ஒரு அக்கா இதே மாதிரி மெஷின்லதான் வருஷக்கணக்கா தச்சாங்க. கை மரத்துப் போகுதுன்னு சொல்லிட்டே இருந்தாங்க. யாரும் காதுல போட்டுக்கல. ஒரு நாள் அப்படியே நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தாங்க, முடிஞ்சு போச்சு."

அப்படி ஒரு அக்கா உலகத்திலேயே கிடையாது.

டிரைவர் மெஷின் மேல் வைத்திருந்த கையை எடுத்தார். "நெஞ்சா?" என்றார்.

"ஆமாங்கய்யா. மெஷினாலதான்னு டாக்டரே சொன்னாங்க."

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். வாங்கிக்கொள்கிறாயா என்று அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. இறக்கு இவ்வளவு சுத்தமாக அவளுக்கு ஒரு நாளும் அமைந்ததில்லை. "எனக்குப் பயமா இருக்குதுங்கய்யா, வேணாம்," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். மாடிப்படி இறங்கும்போது அவளுக்கு ஒரே சந்தோஷம். மெஷினை ஜன்னலுக்கு அருகில் வைப்பதா, கட்டிலுக்கு அடியில் வைப்பதா என்று யோசித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தாள். பெரியவர் முகம் போன போக்கு அவள் மனதில் நிற்கவே இல்லை.

மறுநாள் பாதிவிலை மேலே போனான். அவள் எதிர்ப்பக்கம் மருந்துக் கடை நிழலில் நின்றாள். போன வேகத்தில் அவன் திரும்பி வந்தான், கையை வீசிக்கொண்டு. அவன் முகத்தில் பாதி எரிச்சல், பாதி சிரிப்பு.

"எங்க மெஷின்?"

"மெஷினா? சுத்தியல எடுத்துத் தூள் தூளாக்கி வச்சிருக்கார் மனுஷன். நேத்து யாரோ ஒரு புண்ணியவதி வந்து உண்மையச் சொன்னாளாம். அவர் பொண்டாட்டி போன வருஷம் நெஞ்சு வலியிலதான் போனாளாம். இருவத்தஞ்சாயிரம் குப்பையில கிடக்குது." அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "ஒண்ணுக்கு இறக்குன்னு சொன்னா, நீ ஆளையே குழிக்குள்ள இறக்கிட்டியே. இந்த வாயை வச்சுக்கிட்டு நீ தைக்கப் போறேங்கிற. சும்மா இரு. உன்னை வச்சு நாலு வீடு வாங்கலாம்."

அவள் சாலையைக் கடந்தாள். "ஏய், எங்க போற?" என்று அவன் பின்னாலேயே வந்தான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

கதவு திறந்தே இருந்தது. உடைந்த பச்சைத் துண்டுகளை ஒரு போர்வையில் கூட்டி வைத்துவிட்டு டிரைவர் தரையில் உட்கார்ந்திருந்தார். அவளைக் கண்டதும் எழப் பார்த்தார், முடியவில்லை.

"வாம்மா. நல்ல வேளை நீ வந்து சொன்ன. இல்லன்னா இத இன்னொரு வீட்டுக்குக் குடுத்து அங்கயும் ஒரு உயிரக் கெடுத்திருப்பேன்."

"ஐயா, நான் சொன்னது பொய்ங்கய்யா."

அவர் அவளையே பார்த்தார்.

"கரண்டு ஒண்ணும் கசியல. அந்த மாதிரி அக்கா யாரும் கிடையாது. விலையக் குறைக்கறதுக்காகச் சொன்னேன். உங்க வீட்டம்மாவுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

அவர் லேசாகத் தலையை ஆட்டினார். குழந்தை சொல்வதைக் கேட்டுக்கொள்வது போல இருந்தது அது.

"நீ எதுக்கும்மா விலையக் குறைக்கணும்? நீதான் வாங்கவே இல்லையே. வாங்காதவளுக்குப் பொய் சொல்லி என்ன கிடைக்கப் போகுது? நேத்து நீ சொன்னதுதான் நிஜம். இன்னைக்கு என்னைப் பாத்ததும் உனக்கு மனசு கேக்கல." அவர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். "அவளும் சொல்லிட்டேதான் இருந்தா, கை மரத்துப் போகுதுன்னு. வேலைக்கு டிமிக்கி குடுக்கறான்னு நான் கேலி பண்ணேன். வந்தவங்க போனவங்க எல்லாம் சிரிக்கறாப்ல கேலி பண்ணேன்."

இனி எதைச் சொன்னால் இந்த மனுஷர் நம்புவார் என்று அவளுக்குத் தெரியவில்லை. திரும்பினாள். வாசலில் பாதிவிலை நின்றிருந்தான்.

"இதோ நிக்கறாரே, இவர் என் புருஷன்ங்கய்யா. நாங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான் வந்தோம். முதல்ல நான் வந்து குறை சொல்லணும், அப்புறம் இவர் வந்து வாங்கணும். இதுதான் எங்க பிழைப்பு. நீங்களே சொல்லுங்க. ஐயாகிட்ட சொல்லுங்க."

பாதிவிலை அவளை ஒரு பார்வை பார்த்தான். அதில் கோபம்கூட இல்லை. பிறகு டிரைவரிடம் மரியாதையாகக் கேட்டான்.

"யாருங்க சார் இந்தம்மா? உங்க சொந்தமா? பாவம், மனசு சரியில்லாதவங்க மாதிரி இருக்கு."

"சொந்தம் இல்ல தம்பி. நேத்து வந்தவங்க. எனக்காக இல்லாததையெல்லாம் தன் தலையில இழுத்துப் போட்டுக்கறாங்க. இந்தக் காலத்துல யார் இப்படி இருக்கா?"

"ஆமா சார். நல்லவங்கதான்," என்று சொல்லிவிட்டு அவன் செருப்பை மாட்டிக்கொண்டான். அவன் படியிறங்கும் சத்தம் ஒவ்வொரு மாடியாகக் கீழே போனது.

அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். டிரைவர் போர்வையை மெல்ல ஒதுக்கிவிட்டு, நகர்ந்து வந்து, அவள் தலையில் கை வைத்தார்.

"அழாதம்மா. நீ என்ன பண்ணுவ? அத வாங்கிக் குடுத்தவன் நான்தானே."