கேமராவுக்குப் பக்கத்து நாற்காலி

தொலைக்காட்சியில் பியர்ஸ் ஆல்டன் விட்ட அந்தக் கண்ணீரை யாராவது புகழ்ந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இறைச்சிக் கடைக்காரர் புகழ்ந்தார். அன்றோடு கடையை மாற்றிவிட்டேன். பல் டாக்டர் புகழ்ந்தார். என் வாய்க்குள் அவர் கை இருந்ததால் தப்பித்தார். அந்தக் கண்ணீருக்குச் சொந்தக்காரர் என் புருஷன். சொன்னால் யார் நம்புகிறார்கள்?

என் புருஷன் ஹெட்லி கிராப்ட்ரீ. பெயர் உங்களுக்குத் தெரியாது, முகம் தெரியும். இங்கிலாந்துத் தொலைக்காட்சியில் கதாநாயகன் எந்தக் கதவைத் தட்டினாலும் திறந்தவர் இவர்தான். போலீஸ் சார்ஜென்ட், பப் முதலாளி, பாதிரியார், பட்லர். பிணமாகவும் பல ஆறுகளில் மிதந்திருக்கிறார். "உள்ள வாங்க சார்", "அவர் கிளம்பிட்டாரே சார்" என்று ஒன்றிரண்டு வரி பேசியே ஆயுள் ஓடிவிட்டது. பஸ்ஸில் ஏறினால் யாராவது உற்றுப் பார்ப்பார்கள். "நீங்கதானே எங்க வீட்டு பாய்லரை ரிப்பேர் பண்ணுனது?" என்பார்கள். இவரும் சளைக்காமல், "இப்ப சுடுதண்ணி ஒழுங்கா வருதா?" என்று கேட்பார்.

நானும் நடிகைதான். கூட்டத்தில் நிற்கும் நடிகை. அதனால் இந்தத் தொழிலின் நாற்றம் எனக்கும் தெரியும்.

கடைசியில், எழுபது தாண்டிய பிறகு, ஹெட்லிக்கு ஒரு வேஷம் வந்தது. பியர்ஸ் இன்ஸ்பெக்டராக வரும் துப்பறியும் தொடரில், கொலையான பையனின் அப்பா. ஒரே காட்சிதான், ஆனால் பக்கம் பக்கமாகப் பேச்சு. மகன் எப்படிப்பட்டவன் என்று இன்ஸ்பெக்டர் கேட்க, கிழவர் தன் மனதைக் கொட்ட வேண்டும். பக்கத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் அம்மா வேஷம் எனக்கு.

வீடே அந்தப் பேச்சால் நிறைந்தது. குளியல் தொட்டியில் முணுமுணுப்பார், தோட்டத்தில் பீன்ஸ் செடியிடம் முணுமுணுப்பார். "பூட்ஸைக் கழட்டிட்டு உள்ள வாடான்னு சத்தம் போட்டேன். அதான் நான் அவன்கிட்ட கடைசியா பேசுனது." இந்த வரி வந்ததும் நிறுத்திவிடுவார். அதை முழுசாகப் பேசிப் பார்க்கவே மாட்டார்.

"ஒரு தடவை எங்கிட்ட பேசிக் காட்டேன், கிழவா."

"படப்பிடிப்புல பாரு. பத்திரமா வச்சிருக்கேன்."

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இருவர் பேசும் காட்சியில் கேமரா ஒருவர் முகத்தை எடுத்து முடித்துவிட்டு, பிறகு திரும்பி மற்றவர் முகத்தை எடுக்கும். உன் முகத்தை எடுக்காத நேரத்தில் நீ கேமராவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, எதிராளிக்காக உன் வரிகளைச் சொல்ல வேண்டும். சட்டம் ஒன்றும் கிடையாது, மரியாதைதான். பெரிய நடிகர்கள் பாதிப் பேர் தங்கள் முறை முடிந்ததும் வேனுக்குப் போய்விடுவார்கள். ஹெட்லி ஒருநாளும் போனதில்லை. போகாதது மட்டுமா, தன் முகம் படாதபோதும் படும்போது பேசுவதைப் போலவே பேசுவார். "எதிர்ல இருக்கவன் மூஞ்சில நடக்கிறதுல பாதி நம்ம வேலை, டோரீன்" என்பார். எனக்குக் கோபம் வரும்.

ஹாலிஃபாக்ஸில், குளிர்காலத்தில், ஒரு சின்ன வீட்டின் முன்னறையில் படப்பிடிப்பு. இயக்குநர் ஃபிரெயா சின்னப் பெண். "முதல்ல உங்க முகம்தான், ஹெட்லி. தெம்பு இருக்கும்போதே எடுத்துடலாம்" என்று முதல் நாளே வாக்குக் கொடுத்திருந்தாள்.

மதியச் சாப்பாடு முடிந்து பியர்ஸ் வந்தான். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"ஃபிரெயா, கண்ணு, என்னை முதல்ல எடுத்துரு. லண்டனுக்கு ரயிலைப் பிடிக்கணும். ஹெட்லி ஒண்ணும் நினைச்சுக்க மாட்டார். என்ன ஹெட்லி?"

ஃபிரெயா ஹெட்லியைப் பார்த்தாள். அவர் சிரித்துக்கொண்டே, "தாராளமா" என்றார். நான் அவர் காலை மிதித்தேன். எனக்குத்தான் வலித்தது.

விளக்கு மாற்றும் நேரத்தில் அவரை அடுப்பங்கரைக்கு இழுத்துப் போனேன்.

"இங்க பாரு. அவனுக்கு வெறும் வரியை மட்டும் சொல்லு. உள்ளதை உன் முறைக்கு வச்சுக்கோ. கேட்டியா?"

"அவனுக்கு அது கஷ்டமா இருக்குமே."

"இருக்கட்டுமே. என்ன, உன் சொந்தத் தம்பியா?"

"சரி, சரி" என்றார். அந்தச் சரிக்கு அர்த்தம் இல்லை என்று கல்யாணமான வருஷமே எனக்குத் தெரியும்.

நான் சோபாவில், பையன் போட்டோவை மடியில் வைத்துக் குனிந்திருந்தேன். என் தலை பியர்ஸின் படத்தில் ஓரமாக விழுகிறது என்பதால், "நிமிர்ந்துடாதீங்க டோரீன்" என்று ஃபிரெயா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். ஹெட்லி கேமராவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். பேச ஆரம்பித்தார்.

மனுஷன் எதையும் மிச்சம் வைக்கவில்லை. அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பூட்ஸ் வரி வந்தபோது ஒலிப்பதிவு ஆள் மூக்கை உறிஞ்சினான். நிமிர்ந்து பார்க்கத் துடித்தேன், முடியவில்லை. எதிரே பியர்ஸின் கன்னத்தில் கண்ணீர் இறங்கியதைப் பிறகு தொலைக்காட்சியில்தான் பார்த்தேன். "கட்" என்றதும் பியர்ஸ் எழுந்து, "அருமை, அருமை" என்று தன்னையே பாராட்டிக்கொண்டு ரயிலுக்குப் போய்விட்டான்.

கேமரா திரும்பியது. பியர்ஸின் நாற்காலியில், ஜலதோஷம் பிடித்த உதவி இயக்குநர் பெண் உட்கார்ந்து, பஸ் நிறுத்தங்களைப் படிப்பதைப் போல இன்ஸ்பெக்டர் வரிகளைப் படித்தாள். ஜன்னலில் வெளிச்சம் செத்துக்கொண்டிருந்தது. ஹெட்லி வரிகளைத் தப்பில்லாமல் சொன்னார். இப்போது நான் நிமிரலாம், நிமிர்ந்தேன். அந்த முகத்தில் ஒன்றும் இல்லை. துடைத்து வைத்த தட்டு. இன்னொரு தடவை கேட்டார். வெளிச்சம் போய்விட்டது என்றார்கள்.

ஒளிபரப்பானபோது அத்தனை பேச்சும் பியர்ஸின் முகத்தின் மேலேயே ஓடியது. ஹெட்லியின் முகம் வந்தது ஒரே ஒரு வரிக்கு: "டீ ஆறிப்போகுதே, இன்ஸ்பெக்டர்."

வசந்தத்தில் பியர்ஸுக்குச் சிறந்த நடிகர் விருது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மடியில் தட்டை வைத்துக்கொண்டு பார்த்தோம். மேடையில் அந்தக் காட்சியைப் போட்டார்கள். அவன் முகம், இவர் குரல். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. பியர்ஸ் ஏஜென்டுக்கு நன்றி சொன்னான், அம்மாவுக்குச் சொன்னான். பிறகு, "அந்தக் கண்ணீர் எப்படி வந்ததுன்னு எல்லாரும் கேக்குறாங்க. சின்ன வயசுல செத்துப்போன என் நாயை நினைச்சுக்கிட்டேன்" என்றான். அரங்கம் உருகியது.

நான் ரிமோட்டை எறிந்தேன்.

"குரல் தெளிவா விழுந்திருக்கு" என்றார் ஹெட்லி.

"வாயை மூடு, ஹெட்லி."

ஒரு மாதம் கழித்து எங்கள் ஏஜென்ட் மோரா போன் செய்தாள். அவள் போன் செய்வதே அபூர்வம். ஒலிபெருக்கியில் போட்டேன்.

"ஹெட்லி, நல்ல சேதி. பியர்ஸோட புதுத் தொடர். அவர் அழுற காட்சி ஒண்ணு இருக்கு. நீங்கதான் வேணும்னு பிடிவாதமா நிக்கிறார்."

ஹெட்லியின் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். "என்ன வேஷம்?"

மோரா தொண்டையைச் செருமினாள். "வேஷம்னு இல்ல. அந்த வேஷத்துக்கு ஒரு சின்னப் பையன் இருக்கான். அவர் முகத்தை எடுக்கும்போது மட்டும் நீங்க கேமராவுக்குப் பக்கத்துல உக்காந்து வசனத்தைச் சொல்லணும். கார் அனுப்புவாங்க."

"அந்த நாயைத் தோண்டியெடுத்து உக்கார வைக்கச் சொல்லு" என்று நான் கத்தினேன்.

ஹெட்லி கையை உயர்த்தி என்னை அடக்கினார். "மோரா, என் முகம் எங்கயும் வராது, இல்லையா?"

"வராது, ஹெட்லி."

"அப்ப அவர்கிட்ட சொல்லு. அன்னிக்கு என் மூஞ்சியைப் பாத்தாரே, அதை நினைச்சுக்கிட்டே அழச் சொல்லு. நான் வரல."

அவர் யாருக்கும் வரமாட்டேன் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. எழுந்துபோய் டீ போட்டார். கெட்டியாக, சர்க்கரை தூக்கலாக, எனக்குப் பிடித்த மாதிரி. அவருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"எனக்கு ஒரு தடவை செஞ்சு காட்டு. நானும் பாக்கல. குனிஞ்சே இருந்தேன்."

கோப்பையைக் கீழே வைத்தார். என்னை நேராகப் பார்த்தார். "பூட்ஸைக் கழட்டிட்டு உள்ள வாடான்னு..." என்று தொடங்கினார். காத்திருந்தேன். அவர் உதடு அசைந்தது, நின்றது.

"இல்ல டோரீன். அங்கயே குடுத்துட்டேன். ஒண்ணுதான் இருந்துச்சு."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. என் புருஷன் தன் வாழ்நாளில் செய்த ஆகச் சிறந்த வேலையை இந்த உலகத்தில் நேருக்கு நேர் பார்த்தது ஒரே ஒரு ஆள். அவன் நாயை நினைத்து அழுததாகச் சொல்லிக்கொண்டு திரிகிறான்.